இன்னும் இருப்பவருக்கு ஒரு விளம்பரம்

1

இந்தக் கதை ஒரு முகத்திலிருந்து வந்தது. அதை ஒளித்துவைத்து, நடுவில் எங்கேயோ திறந்துகாட்டி உங்களை அசத்துகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் தம்பி. நுரையீரலில் தொற்று; அவனுக்கான மூச்சை ஒரு மெஷின் விட்டுக்கொண்டிருக்கிறது. டாக்டரிடம் கேட்கப் பயந்து எல்லாவற்றையும் போனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த அளவு ஆக்ஸிஜன் போதுமா, குழாய் போட்டவர்கள் எழுந்து உட்கார எவ்வளவு நாளாகும், கண் திறக்காவிட்டால் என்ன அர்த்தம். போனும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. ஒரு பதிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு விளம்பரம் வந்து நின்றது.

ஓர் அம்மாவின் படம். ஐம்பதைத் தாண்டிய முகம், நல்ல தெளிவு, பின்னால் வெளிர்நீலம். வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது: “நேரம் வரும்போது அலைய வேண்டாம். உங்கள் அன்புக்குரியவரின் நல்ல படம் ஒன்றை இப்போதே தயார் செய்து வையுங்கள்.” அதற்கும் கீழே ஒரு போன் எண்.

என்ன படம், எந்த நேரம் என்று எனக்குப் புரியவே சற்று நேரமானது. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வழியாகப் போன நர்ஸை நிறுத்தினேன்.

“பாருங்க சிஸ்டர், இது என்ன அநியாயம்? ஆள் உள்ள உயிரோட இருக்கான். அதுக்குள்ள சுவத்துல மாட்டறதுக்குக் கூப்பிடறாங்க.”

சிஸ்டர் போனை வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் சுண்டிப்போனது. அயர்ச்சியோ இரக்கமோ இல்லை, அவை இரண்டும் அந்த முகத்தில் ஏற்கெனவே இருந்தன. இது வேறு. ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, “போனை உள்ள வைங்கம்மா. இதெல்லாம் பாக்காதீங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அந்த முகத்துக்கு நானாகக் கட்டிய காரணம்.

2

முதலில் எழுதிய வரி: “அவன் ஒரு பிணந்தின்னி.”

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே தண்டனை கொடுத்துவிட்டால் பிறகு கதையில் என்ன செய்வது? தூக்கில் தொங்குகிறவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான்.

அடுத்த தொடக்கம் கட்டுரையாகப் போயிற்று. “மனிதனின் துக்கத்தையும் சந்தைப்படுத்தத் துணிந்துவிட்ட இந்தக் காலத்தில்” என்று ஆரம்பித்து, அந்த வாக்கியம் எங்கே போகிறதென்று எனக்கே தெரியாமல் பாதியில் விட்டேன். காலத்தைத் திட்டுவது சுலபம், அதற்குக் காது கிடையாது.

எனக்கு வேண்டியது ஓர் ஆள். அந்த விளம்பரத்தை உட்கார்ந்து எழுதி, யாருக்குப் போகவேண்டும் என்று தேர்ந்தெடுத்து, பொத்தானை அமுக்கிய ஆள். பெயர் வைக்கவில்லை, படக்காரன் என்றே இருக்கட்டும். கோபத்தில் ‘அவன்’ என்று ஆரம்பித்தேன். எழுத எழுத நெருக்கமாகிவிட்டதால் அதே ‘அவன்’ நின்றுவிட்டது.

3

படக்காரன் ஒரு பெரிய ஸ்டூடியோவில் படங்களைச் சீர்செய்யும் வேலையில் இருந்தான். மாப்பிள்ளைகளின் தொப்பையைக் குறைத்தான், குழந்தைகளின் மூக்கைத் துடைத்தான், முதலாளியின் வாயில் விழுந்து எழுந்தான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்துவிட்டான். இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்று முடிவு. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை, ஒரு கணினி, முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று. போனில் தன் பெயருக்குக் கீழே ‘ஃப்ரீலான்ஸ்’ என்று போட்டுக்கொண்டான். அதைப் பார்த்த அவன் மாமா கூப்பிட்டு, “அப்ப இன்னும் வேலை கிடைக்கலயாப்பா?” என்று விசாரித்தார்.

(மாமா இந்தக் கதையில் மறுபடி வரமாட்டார். அவர் சொன்னது எனக்கும் பல மாமாக்கள் சொன்னது என்பதால் சேர்த்துக்கொண்டேன்.)

அவனுக்கு நன்றாக வருகிற வேலை என்று ஒன்று உண்டு. போய்ச்சேர்ந்தவர்களின் படம். பாதிப் பேருக்குத் தனியாக எடுத்த படமே இருக்காது. யாருடைய கல்யாணத்திலோ, யாருடைய பிறந்தநாளிலோ கூட்டத்தோடு நின்றிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் தோளில் கைபோட்டிருப்பார். அந்தக் கையை எடுக்கவேண்டும். எடுத்துவிட்டால் மட்டும் போதாது. கை இருந்த இடத்தில் துணி கசங்கியிருக்கும், அது அழுத்திய தோள் இறங்கியிருக்கும். அதையும் சரிசெய்து, அந்த மனிதர் தமக்காகவே ஒருநாள் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் மாதிரி ஆக்கவேண்டும். அவன் செய்தால் அப்படித்தான் இருக்கும்.

முதன்முதலாக அவன் அப்படிச் செய்தது மாமியாருக்கு. அவர் தோளில் இருந்தது அவன் மனைவியின் கை. கையை எடுத்தவன் தோளை நிமிர்த்தப் போனபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள், “அது அப்படியே இருக்கட்டும், விடுங்க” என்றாள். விட்டுவிட்டான்.

வேலை தெரிந்தால் ஆச்சா, ஆள் வரவேண்டாமா? தெரிந்தவர்கள் தலா ஒரு படம் கொடுத்துவிட்டு ஓய்ந்தார்கள். அதற்குப் பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அவனைத் தின்றது. கடைசியில் எல்லோரும் செய்கிறார்களே என்று போனில் விளம்பரம் கொடுக்கப் போனான்.

அதில் யார் கண்ணில் படவேண்டும் என்று நாமே சொல்லலாம். எந்த வயது, எந்த ஊர், எந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் என்று. யாராவது விளம்பரத்தைத் தட்டினால் அந்தத் தட்டலுக்குக் காசு போகும், வேலை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. ‘நினைவுப் படம்’, ‘இரங்கல் படம்’ என்று சொற்களைக் கொடுத்தான். அதே சொற்களுக்குப் பெரிய பெரிய கடைகள் போட்டி போட்டுக்கொண்டு முன்னால் நின்றன. இவனுடையது எங்கோ கடைசியில் கிடந்தது. அதைத் தேடிப்பிடித்துத் தட்டியவர்கள் வேறு மாதிரி.

“அண்ணே, போட்டோவுல எம்பக்கத்துல நிக்கறவள எடுத்துரணும்.”

“இறந்துட்டாங்களா?”

“அட நீங்க வேற. வேற ஒருத்தனோட ஜம்முனு இருக்கா.”

4

அவன் மனைவி நர்ஸ். (ஆமாம், அந்த சிஸ்டர்தான். எங்கே போகப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். தெரிந்தாலும் கூடவே வாருங்கள்.)

வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட உட்காரும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும். வார்டில் அழமுடியாது, கத்தமுடியாது. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்து அந்தச் சாப்பாட்டு மேசையில் இறக்கிவைத்தால்தான் அவளால் மறுநாள் மறுபடி அங்கே போகமுடியும்.

“இன்னிக்கு பெஞ்சுல ஒரு பொண்ணு. அப்பா உள்ள இருக்காரு. என்னைய நிமிந்துகூட பாக்கல. போன்லயே கேட்டுகிட்டு உக்காந்திருக்கு.”

“என்ன கேக்குது?”

“பிரஷர் எறங்கிட்டே போனா என்ன அர்த்தம். கை கால் சில்லுனு ஆனா என்ன அர்த்தம். கண்ணத் தொறக்கலன்னா என்ன அர்த்தம். நான் பக்கத்துலயேதான் நிக்கறேன். எனக்குத் தெரியும். ஆனா என்கிட்ட கேக்கமாட்டா. நான் வாயத் தொறந்து சொல்லிட்டா அது நிஜமாயிடும்ல.”

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்களா?”

“எல்லாரும்தான். அந்தப் பெஞ்சக் கடந்து போறப்பல்லாம் கண்ணுல படும். கிட்டத்தட்ட அதே வார்த்தைங்க.”

“அப்புறம்?”

அவள் அவனைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே இவர் தலையை ஆட்டிக்கொண்டு எங்கேயோ பார்ப்பார். இன்று காது கொடுத்துக் கேட்கிறார். அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த வாரமெல்லாம் இன்னும் நிறையச் சொன்னாள்.

5

அந்தச் சொற்களுக்கு எந்தக் கடையும் போட்டி போடவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? ‘ஆக்ஸிஜன் எவ்வளவு இருந்தால் ஆபத்து’ என்று தேடுகிறவனிடம் படம் விற்கலாம் என்று தோன்ற, ஒருத்தி தினமும் அந்தப் பெஞ்சைக் கடந்துவந்து அதை வீட்டில் சொல்லவேண்டும். தன் மனைவி சொன்ன கேள்விகளை ஒன்றொன்றாக அவன், விளம்பரத்துக்குச் சொற்கள் கேட்கும் பெட்டிக்குள் தட்டினான். பிறகு வரைபடத்தில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைத் தேடி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். வட்டத்துக்குள் இருக்கிற போன்களுக்கு மட்டும் போகும். மாதிரிக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. இருந்ததிலேயே நல்லது மாமியார் படம்தான்.

(இந்த இடத்தில் அவனை அயோக்கியனாக்க எவ்வளவோ முயன்றேன். சிரிக்க வைத்துப் பார்த்தேன், கையைத் தேய்த்துக்கொள்ள வைத்துப் பார்த்தேன். எல்லாம் நாடகத்து வில்லன் மாதிரி அசட்டுத்தனமாக இருந்தது. அவனை விட்டுவிட்டு, அவன் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டிருப்பான் என்று யோசித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.)

அவன் சொல்லிக்கொண்டது இது: ஆள் போனபிறகு யாருக்குக் கை ஓடும், கால் ஓடும்? எவனையாவது அனுப்பி, திறந்திருக்கிற கடையில் அடையாள அட்டையில் இருக்கிற படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கிவருவார்கள். கண் எது, மூக்கு எது என்று தெரியாது. அதுதான் காலம் பூராவும் சுவரில் தொங்கும். நான் நிதானமாகச் செய்துகொடுப்பேன். கொஞ்சம் முன்னாலேயே கேட்டால் என்ன தப்பு? எப்படியும் தேவைப்படப்போகிறதுதானே.

எங்கள் அப்பாவின் படம் அப்படித்தான் இருக்கிறது, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. யாரோ ஒருவர் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறார். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியபோது என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் அந்தக் கடைசி வாக்கியம். எப்படியும் தேவைப்படப்போகிறதுதானே. அதை அவன் எந்த வாயால் சொன்னான்?

6

வேலை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, கொட்டியது.

பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுதினார்கள். திட்டியவர்கள் உண்டு, அவர்கள் எண்ணை அவன் மறித்துவிடுவான். ஆனால் ஒரு மகள், “நல்ல வேளைங்க, முன்னாடியே உங்ககிட்ட கொடுத்து வெச்சோம். அம்மா அப்படியே உக்காந்திருக்கிற மாதிரி இருக்காங்க” என்று போனில் அழுதாள். அவள் வைக்கும்வரை அவனும் போனை வைக்கவில்லை. வீட்டுச் செலவில் பாதியை அவன் எடுத்துக்கொண்டான். மனைவிக்கு நல்ல செருப்பு வாங்கிவந்தான், நாளெல்லாம் நிற்கிறவளாயிற்றே என்று. “ஆள் எப்படி வராங்க?” என்று அவள் கேட்டபோது, “விளம்பரம் கொடுத்தேன்ல, இப்பத்தான் பிடிச்சிருக்கு” என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இனி நான் எழுதப்போவது அவனைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான செய்தி. கண்டுபிடித்தது நான்தான் என்றாலும் உண்மைதான்.

ஒரு பெரியவரின் படத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டு உட்கார்ந்தான். பேரப்பிள்ளைகள் மேலே ஏறி விளையாடும்போது எடுத்த படம், நாலு பக்கமும் சின்னச் சின்னக் கைகள். ஒவ்வொரு கையாக எடுத்து, முகத்தில் விழுந்த நிழலை நீக்கி, சட்டைக் காலரை நேராக்கி முடித்தான். அவனுக்கே திருப்தியாக இருந்தது. அனுப்பலாம் என்று போனை எடுத்தால், பெரியவரின் மகனிடமிருந்து செய்தி வந்திருந்தது. “அண்ணா, அப்பா கண்ணத் திறந்துட்டாரு! வார்டுக்கு மாத்திட்டாங்க. படம் வேண்டாம்ணா. தயவுசெஞ்சு அழிச்சிருங்க.”

படித்ததும் படக்காரனுக்கு முதலில் தோன்றியது: சே, இது போச்சே.

ஒரு கணம்தான். யாரோ சொன்னதுபோல் திரும்பிப் பார்த்தான். அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை. திரையில் பெரியவர் வெளிர்நீலப் பின்னணியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். “ரொம்ப சந்தோஷம் தம்பி” என்று எழுதி அனுப்பினான். அனுப்பிவிட்டுப் படத்தை அழித்தான். பிறகு எழுந்து போய் முகம் கழுவினான்.

அன்றே விளம்பரத்தை நிறுத்தியிருப்பான் என்று எழுத ஆசை. நிறுத்தவில்லை. புதிதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

7

அவன் மனைவி அந்தப் பெஞ்சைக் கடந்து போகும்போது, உள்ளே தம்பியை வைத்துக்கொண்டிருக்கிற ஒரு பொம்பளை அவளை நிறுத்திப் போனை நீட்டினாள்.

போனில் தன் சொந்த அம்மா.

வெளிர்நீலத்துக்கு முன்னால், ஒரு தோள் இறங்கி. அந்தத் தோளில் இருந்த கை இப்போது போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே தன் கணவனின் போன் எண். மேலே, அந்தப் பொம்பளை தேடிய கேள்வி இன்னும் அழியாமல் நின்றது. கண் திறக்காவிட்டால் என்ன அர்த்தம். அவள் சாப்பாட்டு மேசையில் சொன்ன அதே கேள்வி.

(இது ரொம்பச் சௌகரியமான தற்செயல் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நானும் முணுமுணுத்தேன். நிஜத்தில் அந்த சிஸ்டருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். அந்தப் படத்தில் இருப்பவர் போன வாரம் இதே வார்டில் இறந்த யாரோவாக இருக்கலாம். போய்க் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கமாட்டேன். அவர் வாயைத் திறந்தால் வேறு ஏதாவதும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயம்.)

“போனை உள்ள வைங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கையைக் கழுவினாள். ஊசி போடவேண்டியவர்களுக்கு ஊசி போட்டாள். அந்தப் பொம்பளையின் தம்பியைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்தாள். அவள் நல்ல நர்ஸ். அந்த விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

8

வீட்டுக்கு வந்தவள் குளிக்கவில்லை. அவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா படத்த அதுல போட்டிருக்கீங்க.”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. “கேட்டிருக்கணும். தப்புதான். இப்பவே எடுத்துடறேன். வேற படம் போட்டுக்கலாம்.”

“படத்த விடுங்க. நான் சொன்னத எடுங்க.”

“எதை?”

“சாப்பிடும்போது சொன்னேனே. ஒண்ணு விடாம சொன்னேனே. அதையெல்லாம் எடுங்க.”

அவன் நாற்காலியைத் திருப்பினான். “நீ நெனைக்கிற மாதிரி இல்ல. அவங்களுக்கு நான் கெடுதல் பண்ணல. நன்றி சொல்லியிருக்காங்க, காட்டட்டுமா? எத்தனை பேரு…”

“நீங்க அப்புறம், அப்புறம்னு கேட்டீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நம்மளயும் ஒருத்தர் கேக்கறாருன்னு நெனச்சேன்.”

“வேலை இல்லாம இந்த ரூமுல உக்காந்து சுவத்தப் பாத்துகிட்டு இருந்தேன். அது உனக்குத் தெரியாதா? உன் சம்பளத்துல சாப்பிடறப்ப எனக்குத் தொண்டையில எறங்கல. நீ ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாகூட…”

“கேக்காதது என் தப்பா?”

“அப்படிச் சொல்லல.”

“இன்னிக்கு ஒரு அக்கா. தம்பி உள்ள இருக்கான். சின்ன வயசு. அவங்க போன என்கிட்ட நீட்டறாங்க, யாரு சிஸ்டர் இப்படிப் பண்றாங்கன்னு. நான் என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரருங்க, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னா?”

படக்காரன் திரையை அணைத்தான்.

“அந்தப் பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்டான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். அதில் எந்தக் கணக்கும் இல்லை என்று நான் சத்தியம் செய்கிறேன்.

அவள் வாயைத் திறந்தாள். பழக்கம். எத்தனையோ முறை அந்த நேரத்தில், அந்த வீட்டில், அப்படித் திறந்த வாய். பிறகு மூடிக்கொண்டாள்.

“உங்ககிட்ட சொல்லமாட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகு சாப்பிட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்து. அவள் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டாள். நாளைக்கும் அதே வார்டு, அதே பெஞ்சு. அங்கே சேர்வதைக் கொண்டுவந்து இறக்க அவளுக்கு இருந்தது இந்த ஓர் இடம்தான், இந்த ஓர் ஆள்தான். அது போய்விட்டது. அதை நினைக்கும்போது எனக்கு அவளுக்காக வயிறு எரிகிறது, அவனுக்காகவும்தான்.

9

இனி முடிக்கவேண்டும்.

ஒரு முடிவு: அவன் அன்றே விளம்பரத்தை நிறுத்துகிறான். பழைய முதலாளியிடம் போய்த் தலையைக் குனிந்து நிற்கிறான். சம்பளம் வருகிறது. அவள் மெல்ல மெல்ல மறுபடியும்

இல்லை. விளம்பரத்தை நிறுத்தப் பொத்தான் இருக்கிறது. அவள் பேச்சைத் திரும்பக் கொண்டுவர அப்படி ஒன்று கிடையாது. இந்த முடிவைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள், எனக்கு அதில் பொறாமை.

இன்னொரு முடிவு: அவன் மாமியார் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போடுகிறான். வரைபடத்தைத் திறந்து, வட்டத்தை மனைவியின் ஆஸ்பத்திரியிலிருந்து கழற்றி, ஊரின் மறுகோடியில் இருக்கிற ஆஸ்பத்திரியைச் சுற்றிப் போடுகிறான். அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இனி எந்தப் பெஞ்சிலிருந்தும் அவளிடம் யாரும் போனை நீட்டமாட்டார்கள். “நிறுத்திட்டேன்” என்று சொல்கிறான். அவள் தலையாட்டுகிறாள்.

இதுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் கெட்டவன் என்பதால் அல்ல. நானாக இருந்தாலும் வட்டத்தைத்தான் நகர்த்துவேன் என்று நினைக்கிறேன். ஆனால் இதில் அந்தப் பெஞ்சுக்காரியும் அவள் தம்பியும் அப்படியே அந்தரத்தில் நிற்கிறார்கள். கதை என்றால் அவர்களையும் ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

அதற்குத்தான் மூன்றாவது முடிவு. கதை கட்டத் தெரிந்த எவருக்கும் இதற்குள் அது தோன்றியிருக்கும். கேட்டால் நன்றாகத்தான் இருக்கும், எல்லா நூலும் வந்து ஒரே முடிச்சில் விழும். அந்தப் பொம்பளை, தான் திட்டித் தீர்த்த அதே விளம்பரத்தின் எண்ணைத் தேடி எடுக்கிறாள். வேறு எண் அவளிடம் இல்லை. படக்காரன் போனை எடுக்கிறான். “சொல்லுங்க” என்கிறான். அவள் ஒரு படத்தை அனுப்புகிறாள். அதில் அவள் கை, அவன்

அவன்

நிறுத்திவிட்டேன்.

அந்த முடிவுக்கு என் தம்பி சாகவேண்டும்.

10

உள்ளேதான் இருக்கிறான், அஞ்சாம் பெட்டில். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறது. எழுந்து நின்றால் அவன் பாதம் மட்டும் தெரியும். பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு என் கதைகளைப் பிடிக்காது. “எல்லாரையும் கடைசியில கொன்னுடறியேக்கா. ஒருத்தனையாவது வீட்டுக்கு அனுப்பேன்” என்பான். நான் அதற்கு, கதைக்குத் தேவைப்பட்டது, நான் என்ன செய்ய என்பேன். எப்படியும் அங்கேதானே போகப்போகிறது என்பேன். அப்படிச் சொல்லித்தான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஒரு நல்ல கடைசிப் பத்திக்காக.

அந்த மூன்றாவது முடிவு எனக்கு இன்று தோன்றியதல்ல. எட்டாவது பகுதியில் அவள் “சின்ன வயசு” என்று சொல்லும்போதே தோன்றிவிட்டது. அதன் கடைசி வரிகூட என்னிடம் தயாராக இருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது. என் தம்பி கண் திறந்தால் அந்த வரி வீணாகிவிடும்.

இதை எழுதிவிட்டு, எழுந்துபோய் மறுபடியும் அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வரியை அழித்துவிட்டேன். உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

படக்காரனை இனி என்னால் திட்டமுடியாது. அவனும் மனைவியும் அந்தச் சாப்பாட்டு மேசையில் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். அவன் வட்டத்தை நகர்த்துவானோ, அவள் வாயைத் திறப்பாளோ, அது உங்கள் பாடு. எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவு வேண்டுமானாலும் அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் இல்லாதவர்கள், தாங்கிக்கொள்வார்கள்.

பெஞ்சில் இருப்பவளை மட்டும் விட்டுவிடுங்கள். அவள் தம்பியையும். இதற்குள் உங்கள் மனதில் ஒன்று முடிவாகியிருக்கும். எனக்குத் தெரியும், கதை படிக்கிறவர்களின் புத்தி அப்படி. வெளியில் சொல்லாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கதவு திறக்கிறது. அந்த சிஸ்டர்தான். கையில் சீட்டு மாதிரி ஏதோ இருக்கிறது. மருந்து வாங்கிவரச் சொல்லவும் இப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“அஞ்சாம் பெட்டுக்கு யாரு வந்திருக்கீங்க?”

நான்தான்.